தெரியாத இடம் இருட்டாக இருப்பதில்லை

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடப்பக்கம் பேனாவால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அங்கிருந்து வலப்புறமாக 8 சென்டிமீட்டர் தள்ளி, அதே மட்டத்தில், ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் அந்தக் குறியை மட்டும் பாருங்கள். தாளுக்கு மேலே சுமார் ஓர் அடி உயரத்தில் முகத்தை வைத்து, மெல்லக் கொஞ்சம் கிட்டேயும் கொஞ்சம் தள்ளியும் போய்ப் பாருங்கள். ஓரிடத்தில் நாணயம் காணாமல் போய்விடும். அதைத் தேடிக் கண்ணைத் திருப்பினால் உடனே திரும்பி வந்துவிடும். திருப்பாமல் இருப்பதுதான் இந்த விளையாட்டில் சிரமமான பகுதி.

நாணயம் மறைவதில் பெரிய விசேஷம் இல்லை. மறைந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். அங்கே ஓட்டை எதுவும் தெரியாது. கறுப்பாக ஒரு திட்டும் இருக்காது. தாளின் வெள்ளை அங்கேயும் பரவி, எந்தக் காலத்திலும் அங்கே ஒன்றும் இருந்ததில்லை என்பதுபோல் கிடக்கும். கோடு போட்ட நோட்டில் இதைச் செய்தால் இன்னும் வேடிக்கை. நாணயம் இருந்த இடத்தின் குறுக்கே கோடுகள் அறுபடாமல் ஓடும். அந்தக் கோட்டுத் துண்டைக் கண் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தை வைத்து மூளை அங்கே கோடு இருக்கும் என்று தீர்மானித்துவிட்டது. நம்மிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

விழித்திரையில் விழும் காட்சியை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்பிழைகள் ஒரு கண்ணுக்குச் சுமார் 10 லட்சம். அவை எல்லாம் கற்றையாகச் சேர்ந்து கண்ணை விட்டு வெளியேறும் வாசலில் ஒளியை உணரும் செல்களுக்கு இடமில்லை. பள்ளியில் கண்ணின் படம் வரைந்து பாகம் குறித்தபோது குருட்டுப் புள்ளி என்று எழுதியிருப்போம். புள்ளி என்றாலும் அது சின்ன இடம் அல்ல. வானத்து முழுநிலவைப் போல் பத்தைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலும் அதன் அகலத்துக்குள் அடங்கிவிடும். ஆக்டோபஸுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் நரம்புகள் விழித்திரைக்குப் பின்பக்கமாகவே போய்விடுகின்றன. முதுகெலும்புள்ள நமக்குத்தான் இந்த அமைப்பு வாய்த்திருக்கிறது.

இந்தக் குருட்டுப் புள்ளியைக் கண்டுபிடித்தவர் எட்மே மாரியோட் என்ற பிரெஞ்சுக்காரர். துறவு மடத்தைச் சேர்ந்தவர், இயற்பியல் ஆய்வும் செய்தவர். நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தில் பார்வை எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒரு சந்தேகம். சுவரில் காகிதத் துண்டுகளை ஒட்டிவைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி பின்னால் நடந்தார். ஒரு துண்டு மறைந்தது. 1668இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அதுவரை கண்ணைப் பற்றி ஆராய்ந்தவர்கள் எத்தனை பேர்! பழங்காலத்து மருத்துவர் கேலன், பார்வையைப் பற்றிப் பெரிய நூலே எழுதிய இப்னு அல்ஹைதம், விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்று 1604இல் சொன்ன கெப்ளர். இவர்கள் எல்லோருக்கும் கண்ணுக்கு ஒன்றாக அந்த இடம் இருந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர்களுடைய அறிவில் குறை சொல்ல முடியாது. குறை தெரிந்தால்தானே தேடத் தோன்றும்? வலது கண்ணின் குருட்டிடம் வலப்பக்கம் விழுகிறது, இடது கண்ணுடையது இடப்பக்கம். ஒன்று விட்டதை மற்றது பிடித்துக்கொள்கிறது. ஒரு கண்ணை மூடினாலும் மூளை வந்து பூசி மெழுகிவிடுகிறது. ஆகவே தெரியாத இடம் இருட்டாக இருக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது தவறு. அது மற்ற இடங்களைப் போலவே நல்ல வெளிச்சமாக இருக்கும்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை. மறுபடி இடது, மறுபடி வலது. எத்தனை முறை செய்தாலும் விழி நகர்வதை உங்களால் பார்க்க முடியாது. எப்போது பார்த்தாலும் அது அசையாமல் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் வேறொருவரை நிறுத்திப் பார்க்கச் சொன்னால், விழி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவது அவருக்கு அப்பட்டமாகத் தெரியும். விழி தாவும் அந்தக் கணத்தில் வரும் கலங்கலான காட்சியை மூளை அடக்கிவிடுகிறது. விழித்திருக்கும்போது நொடிக்கு மூன்று தடவை வீதம் நம் விழி தாவிக்கொண்டேயிருக்கிறது. கணக்குப் பார்த்தால் ஒரு நாளில் கணிசமான நேரம் நாம் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை. ஆனால் உலகம் ஒரு கணம்கூட நின்று நின்று வந்ததாக யாரும் சொன்னதில்லை.

நம் முகத்திலேயே, நம் கண் முன்னாலேயே நடக்கும் ஒரு காரியம். ஊரில் எல்லோரும் பார்க்கலாம், நாம் மட்டும் பார்க்க முடியாது. இது கண்ணோடு முடிகிற விஷயமா என்பதுதான் என் கேள்வி.

குரலை எடுத்துக்கொள்வோம். வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பிவிட்டு அதைத் திரும்பப் போட்டுக் கேட்கிறவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கலாம். “சே, என் குரலா இது?” பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை, மண்டையெலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு தாழ்ந்த சுரங்களை நன்றாகக் கடத்துவதால் நமக்கு நம் குரல் சற்றுக் கனமாக, ஆழமாகக் கேட்கிறது. அந்தக் கனமான குரலை உலகத்தில் வேறு யாரும் கேட்டதே கிடையாது. போனில் கேட்பதுதான் ஊருக்குத் தெரிந்த குரல். சுளித்த முகத்தோடு பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால், “அப்படியேதான் இருக்கு, இதுல என்ன?” என்பார்.

முகத்தைப் பற்றியும் ஒரு சோதனை உண்டு. 1977இல் அமெரிக்காவில் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூவர் செய்தது. மாணவிகளின் புகைப்படத்தையும், அதையே இடவலம் மாற்றி அச்சிட்ட படத்தையும் அருகருகே வைத்து எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். மாற்றி அச்சிட்ட படத்தைத்தான் மாணவிகள் அதிகம் விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகளோ உள்ளபடியான படமே நன்றாக இருக்கிறது என்றார்கள். காரணம் எளிது. கண்ணாடியில் தினமும் தலைவாரிப் பழகியவருக்கு வகிடு இருக்கும் பக்கம் வேறு, எதிரே நிற்பவருக்கு வேறு. ஆதார் அட்டைப் படத்தைத் திட்டாதவர் நம் நாட்டில் இல்லை. அதில் கேமராவின் குற்றம் பாதி என்றால், நம்மை அதுவரை நாம் திருப்பிப் போட்டே பார்த்துவந்திருக்கிறோம் என்பது மீதி.

குரலும் முகமும் போகட்டும், மேலோட்டமானவை. நாம் சொல்ல வந்தது மற்றவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதிலும் இதே கதைதான். பேருந்தின் கடைசி இருக்கையில் இளைஞர்கள் முன்சீட்டுக் கம்பியில் விரலால் தாளம் போட்டு “என்ன பாட்டு, சொல்லு” என்று விளையாடுவதுண்டு. ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் 1990இல் தன் முனைவர் பட்டத்துக்கு இதையே ஆராய்ச்சியாகச் செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளாகப் பொறுக்கி, ஒருவரை மேஜையில் தட்டச் சொல்லி, மற்றவரைக் கண்டுபிடிக்கச் சொன்னார். இரண்டுக்கு ஒன்றாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். மொத்தம் தட்டியது 120 பாட்டு. கண்டுபிடித்தது மூன்றே மூன்று.

தட்டுகிறவர் காதில் வாத்தியமும் குரலும் முழுசாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எதிரில் இருப்பவர் கேட்பது வெறும் டக், டக். இவ்வளவு தெளிவாக இருப்பது இவருக்கு எப்படிப் புரியாமல் போகிறது என்று தட்டுகிறவருக்குக் கோபம்கூட வருகிறது. குடும்பச் சண்டைகளில் பாதி இந்த மேஜையைச் சுற்றித்தான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றும். “நான் என்ன நெனச்சு சொன்னேன்னு உனக்குத் தெரியாதா?” என்று கேட்கிறவர் மனசுக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது. அவர் நினைத்தது யாருக்கும் தெரியாது. சொன்னது மட்டும்தான் தெரியும், சொன்ன தொனியும்.

நம்மை நாம் எடைபோடும்போது கையில் இருப்பது நம் எண்ணம். பிறரை எடைபோடும்போது கையில் இருப்பது அவர் செய்கை. இரண்டு வேறு தராசுகள். அதனால்தான் கணக்கு ஒருபோதும் நேராவதில்லை. ஓலா ஸ்வென்சன் 1981இல் வெளியிட்ட ஆய்வில், வண்டி ஓட்டும் திறமையில் தாங்கள் மேல்பாதியில் இருப்பதாக அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேர் சொன்னார்கள். ஸ்வீடன்காரர்கள் கொஞ்சம் அடக்கம், 69 சதவீதம். மேல்பாதியில் பாதிப் பேர்தான் இருக்க முடியும். கிண்டி கத்திப்பாராவிலோ கோயம்புத்தூர் காந்திபுரத்திலோ ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்பவர்களிடம் கேட்டால் என்ன சதவீதம் வரும் என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

இதை வெறும் தற்பெருமை என்று தள்ளிவிடலாமா? முடியாது என்று காட்டியது இன்னொரு ஆய்வு. 1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற இருவர், கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்காரவைத்து, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவரும் சொன்னதைக் கூட்டினால் முழுசுக்கு மேலே போயிற்று. இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சண்டையை ஆரம்பிப்பது போன்ற, கெட்ட பெயர் வாங்கித் தரும் காரியங்களிலும் அப்படியே கூடுதலாக வந்தது. பெருமை அடித்துக்கொள்வதுதான் காரணம் என்றால் சண்டைக் கணக்கில் இருவரும் குறைத்தல்லவா சொல்லியிருக்க வேண்டும்? தான் செய்தது, நல்லதோ கெட்டதோ, ஒவ்வொன்றும் அவரவருக்கு நினைவில் நிற்கிறது. அடுத்தவர் செய்தது நிற்பதில்லை. பல சமயம் கண்ணிலேயே படுவதில்லை.

ஃபிரிட்ஜைத் திறந்தால் தண்ணீர் பாட்டில்கள் நிறைந்திருக்கும். ஒன்றை எடுத்துக் குடித்துவிட்டுக் காலியாக வைப்போம். மறுநாள் திறந்தால் மறுபடி நிறைந்திருக்கும். அந்த வீட்டில் வருஷக்கணக்காக வாழும் ஒருவருக்கு அதை யார் நிரப்புகிறார்கள் என்ற கேள்வியே வந்திருக்காது. பாட்டில் காலியாக இருந்த அன்றைக்குத்தான் வரும். அதுவும் “ஏன் தண்ணி புடிச்சு வைக்கல?” என்ற வடிவத்தில். மாவு அரைத்து வைப்பதும், துவைத்த துணி மடிந்து அலமாரிக்குள் போவதும், குழந்தையின் அடுத்த தடுப்பூசித் தேதி யாரோ ஒருவர் மூளையில் உட்கார்ந்திருப்பதும் இதே கதை. பாட்டிலை எடுத்துக் குடிப்பவருக்கு அந்த இடத்தில் வேலை எதுவும் தெரிவதில்லை. அது பாட்டுக்கு நடக்கிற வீடு ஒன்றுதான் தெரிகிறது. கோடு போட்ட நோட்டின் கோடுகள் நாணயத்தின் மேல் ஓடியது இப்படித்தான்.

சரி, இதெல்லாம் தெரிந்துகொண்டால் திருந்திவிடலாம் அல்லவா? அங்கேதான் சிக்கல். இருமுனையிலும் அம்புத்தலை போட்ட இரண்டு கோடுகள், ஒன்றில் அம்பு உள்நோக்கி, இன்னொன்றில் வெளிநோக்கி. ஒரே நீளம் என்றாலும் ஒன்று நீளமாகத் தெரியும். முல்லர் லையர் என்ற ஜெர்மானியர் 1889இல் வெளியிட்ட படம் அது. ஸ்கேல் வைத்து அளந்து ஒரே நீளம்தான் என்று உறுதிசெய்துகொண்டு மறுபடி பாருங்கள், அது இன்னும் நீளமாகத்தான் தெரியும். அறிவு கண்ணுக்கு உத்தரவு போட முடியவில்லை.

மனத்துக்கும் முடியவில்லை. எமிலி ப்ரோனின் 2002இல் தன் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வில், மனிதர்களுக்கு இயல்பாக இருக்கும் சாய்வுகளைப் பட்டியலிட்டு, இது உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது, மற்றவர்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள். மற்றவர்களுக்கு அதிகம், எனக்குக் குறைவு என்பதே பொதுவான பதில். தன்னைச் சராசரிக்கு மேலே வைத்துக்கொள்வது மனித இயல்பு என்று விளக்கிச் சொன்ன பிறகும், தாங்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண் சரிதான் என்றார்கள் பெரும்பாலோர். தன்னுள்ளே தேடிப் பார்த்தேன், பாரபட்சம் எதுவும் இல்லை, ஆகவே எனக்குப் பாரபட்சம் இல்லை. நாணயம் தெரியவில்லை, ஆகவே நாணயம் இல்லை என்பது போன்ற தர்க்கம் இது. இருந்தாலும் சொல்லும்போது எவ்வளவு நேர்மையாக ஒலிக்கிறது!

உள்ளே பார், உன்னை அறி என்று நம்மிடம் ஒரு பெரிய மரபு இருக்கிறது. ரமணர் கேட்ட ‘நான் யார்?’ வேறு தளத்துக் கேள்வி, அதை இங்கே இழுக்கக் கூடாது. அது பார்க்கிறவன் யார் என்று கேட்கிறது. நான் பேசுவது, பார்க்கிறவன் பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பற்றி. கண்ணை மூடி எவ்வளவு ஆழமாக உட்கார்ந்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. தேடப் போகிறதும் அதே கண்தான்.

“இந்தக் காலத்துல யாரு சார் சாதி பாக்குறா?” என்று கேட்பவரை நமக்குத் தெரியும். நல்ல மனிதராக இருப்பார். மனசறிந்துதான் சொல்வார். அவர் தெருவில் நடந்துபோகும்போது ‘டு லெட்’ பலகை கண்ணில் படும். இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த இடம் உண்டு, இவ்வளவு அட்வான்ஸ் என்று படித்துக்கொண்டே போவார். அதே பலகையைப் பார்த்து மணியடிக்கிற இன்னொருவருக்கு வாடகையைப் பற்றிப் பேச்சே வராது. சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு, வீட்டில் கறி சமைப்பீர்களா என்று சுற்றி வளைத்துக் கேள்விகள் வரும். கடைசியில் “எங்க பையன் வரேன்னு சொல்லியிருக்கான், வீடு குடுக்கறதா இல்லை” என்பார்கள். பலகை மறுநாளும் அங்கேயே தொங்கும். டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்த ஊர்களில், தன் கையில் இருந்த கண்ணாடி கிளாஸைப் பற்றி யோசித்தவர் எத்தனை பேர்? அவருக்கு அது டீ குடிக்கும் கிளாஸ். வெளியே நின்று வேறு குவளையில் வாங்கிக் குடித்தவருக்கு மட்டும் அந்தக் கடையில் குவளை இரண்டு வகை என்று தினமும் தெரிந்தது.

ஆகவே உலகம் இப்படி இருக்கிறது என்று நாம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தோடும், நான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், என்ற சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சொல்கிறவர் காதில் அவை விழுவதில்லை.

அப்படியானால் மற்றவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டுமா? நம் ஊரில் ஏற்கெனவே அந்த வியாதி உண்டு. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில் கல்யாணம் நடக்கிறது, படிப்பு தேர்வாகிறது, மாடி எழும்புகிறது. அந்த நாலு பேர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பதாக நினைப்பதும் மயக்கம்தான். தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைப் போட்டுக்கொள்ளவே கூச்சமாக இருக்கும் ஒரு டி-ஷர்ட்டோடு சக மாணவர்கள் நிறைந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நொந்துகொண்டார்கள். கவனித்தவர்கள் கால்வாசிக்கு மேல் இல்லை. நம்முடைய சட்டையை யாரும் பார்ப்பதில்லை. நாம் வேலைக்காரப் பெண்ணிடம் பேசும் தொனியை அந்தப் பெண் பார்க்கிறாள். முதல் கவலையில் தூக்கம் கெடுகிறது, இரண்டாவது நம் கணக்கிலேயே இல்லை.

பிறருக்கும் குருட்டிடம் உண்டு, நம்மைவிடக் குறைவாக ஒன்றும் இல்லை. அவர் சொல்வது வேதவாக்கு ஆகாது. அவரிடம் இருக்கும் ஒரே அனுகூலம், அவர் நிற்பது வேறு இடம். இரண்டு கண் இருப்பதால் நாம் பிழைத்துக்கொண்டதற்கும் காரணம் அதுதான். வலது கண்ணைவிட இடது கண் கூர்மை என்பதல்ல, இரண்டுக்கும் குருட்டிடம் ஒரே பக்கம் விழவில்லை. ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே கல்லூரியில் படித்து, ஒரே செய்தித்தாள் வாசிக்கிற பத்து நண்பர்கள் கூடினால் பத்து ஜோடிக் கண்கள் ஆகிவிடாது.

சந்துக்குள் லாரியைப் பின்னால் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநருக்கு இருபது வருஷ அனுபவம் இருக்கும். பின்னால் நிற்கும் கிளீனர் பையனுக்கு இன்னும் லைசென்ஸ் எடுக்கிற வயதே ஆகியிருக்காது. சம்பளமும் கம்மி, வாங்கும் திட்டும் அதிகம். அவன் பக்கவாட்டுப் பலகையைத் தட்டிக்கொண்டே குரல் கொடுப்பான். “வாங்கண்ணே, வாங்கண்ணே... லெஃப்ட்ல ஒடிங்க... வாங்க வாங்க...” திடீரென்று குரல் மாறும். “நில்லு! நில்லு நில்லு!” மரியாதை எல்லாம் பறந்துவிடும். அண்ணன் என்ன செய்கிறார்? என்னையாடா நில்லு என்கிறாய் என்று இறங்கி வந்து கேட்பதில்லை. பிரேக்கை மிதிக்கிறார். அந்த ஒரு நிமிஷம் வயதும் அனுபவமும் சம்பளமும் கணக்கில் இல்லை. அவன் நிற்கும் இடத்திலிருந்து சுவர் தெரிகிறது, இவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தெரியவில்லை. சந்தை விட்டு வெளியே வந்ததும் பழையபடி திட்டத் தொடங்கிவிடுவார் என்பது வேறு விஷயம்.

அந்த ஒரு நிமிஷம் கிடைக்காமல் போனதற்கு உலகம் கொடுத்த விலை ஒன்று உண்டு. 1977 மார்ச் 27ஆம் தேதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் லோஸ் ரோடியோஸ் விமான நிலையம். கடும் மூடுபனி. ஓடுபாதையில் ஒரே நேரத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள். ஒன்று கேஎல்எம், இன்னொன்று பான் ஆம். கேஎல்எம் விமானி அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர், நிறுவனத்தின் விளம்பரங்களில் அவர் முகம்தான் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு அந்த ரக விமானத்தை ஓட்டத் தகுதி கொடுத்தவரும் அவரே, இரண்டு மாதத்துக்கு முன்னால்தான். விமானி வேகத்தைக் கூட்டப் போனபோது, நமக்கு இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி ஒருமுறை சொன்னார். விமானியும் நிறுத்திக்கொண்டார். சற்று நேரத்தில் மேலெழும்ப அனுமதி வராமலே விமானம் மறுபடி ஓடத் தொடங்கியது. இம்முறை துணை விமானி தடுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பொறியாளர் ரேடியோவில் கேட்ட ஒரு பேச்சை வைத்துச் சந்தேகப்பட்டு, அந்தப் பான் ஆம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகியாயிற்று என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

இறந்தவர்கள் 583 பேர். விமான விபத்துகளில் அதைவிட அதிக உயிர்களைக் கொண்டுபோனது இன்றுவரை வேறில்லை. காரணங்கள் பல சொன்னார்கள். பனி, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கேட்காமல் போன ரேடியோப் பேச்சு, தெளிவில்லாத சொற்கள், தாமதத்தால் வந்த அவசரம், எல்லாம் உண்மை. ஆனாலும் அந்த விமானி அறைக்குள் ஒருவருக்குச் சந்தேகம் இருந்தது, அவர் அதை வாய்விட்டும் கேட்டார் என்பதுதான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. டெனரீஃப் போன்ற விபத்துகளை வைத்து 1979இல் நாசா ஒரு பயிலரங்கம் கூட்டியது. அதிலிருந்து விமானிகளுக்கு ஒரு புதுப் பயிற்சி வந்தது. இறக்கையையோ இயந்திரத்தையோ பற்றிய பயிற்சி அல்ல. கீழே இருப்பவர் தயங்காமல் சொல்வது எப்படி, மேலே இருப்பவர் அதைக் காதில் வாங்குவது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் பயிற்சி. இன்று உலகமெங்கும் விமானம் ஓட்டுகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே ஏறி உட்காருகிறார்கள்.

நம்மை நாம் அறிவது நம் உள்ளத்தின் ஆழத்தைப் பொறுத்த காரியம் என்று வெகுகாலமாக எண்ணிவருகிறோம். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. நம் குருட்டிடம் எங்கே என்று தெரிந்தவர்கள் நம்மைச் சுற்றி ஏற்கெனவே இருக்கிறார்கள். மனைவிக்குத் தெரியும், குமாஸ்தாவுக்குத் தெரியும், குடியிருப்பவருக்குத் தெரியும், கடைசி பெஞ்சு மாணவனுக்குத் தெரியும். நம்மைப் பற்றிய அறிவு வேண்டிய அளவு உலகத்தில் இருக்கிறது, நம்மிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். சொன்னால் சாப்பாட்டு மேஜையில் மூன்று நாள் மௌனம், சொன்னால் இன்க்ரிமென்ட் போச்சு, சொன்னால் வீட்டைக் காலி செய், சொன்னால் இன்டர்னல் மதிப்பெண்ணில் கை வைப்பார். எவ்வளவு உயரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரோ அவ்வளவுக்கு அவரிடம் உண்மை சொல்லும் செலவு கூடுகிறது. ஆகவே அதிகாரம் கூடக் கூடத் தன்னைப் பற்றித் தெரிவது குறைகிறது. அவருடைய புத்தி மழுங்கியதால் அல்ல. இன்னொரு கண் மூடிக்கொண்டுவிட்டது. மூடினதும் தெரியாது, ஏனென்றால் அந்த இடத்தில் வெள்ளைத் தாள் பரவிவிடும். எல்லோரும் சந்தோஷமாக இருப்பதாகவே தெரியும். ஒருவன் தன்னை எவ்வளவு அறிவான் என்பது, அவன் எதிரே மற்றவர்கள் எவ்வளவு பயமில்லாமல் பேச முடிகிறது என்பதில் இருக்கிறது.

“எங்க வீட்டுல யாரு வேணும்னாலும் எங்கிட்ட என்ன வேணும்னாலும் சொல்லலாம். நான் தப்பாவே எடுத்துக்க மாட்டேன்” என்று விருந்தாளியிடம் சொல்லும் அப்பாக்கள் நிறைய இருக்கிறார்கள். அதைச் சொல்வது பெரும்பாலும் அப்பாக்கள்தான், மற்றவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. அவர் சொல்லும்போது மனைவிக்கு அடுப்பில் ஏதோ வேலை ஞாபகம் வரும், மகள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிப்பாள், மகன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான். விருந்தாளிக்கு அது பளிச்சென்று தெரியும். அப்பா பொய் சொல்லவில்லை. அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்த வீடு அப்படித்தான் தெரிகிறது.